வாசலில் நிற்பவருக்குச் சட்டம் உண்டா?

கீழுதட்டில் மூன்று தையல். இடது கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வீக்கம். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை வாசலில் உட்கார்ந்து, ஆறிய காபியை ஸ்பூனால் எடுத்து வாயின் ஓரமாக விட்டுக்கொண்டிருந்தான். இருபத்து நாலு வயது. அவன் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காகத் தில்லி வந்தவர். குடும்பம் இப்போது திரிலோக்புரியில். இவன் தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் செக்யூரிட்டி கார்டு. மருத்துவமனையின் ஊழியன் என்று சொல்ல முடியாது, ஒப்பந்தக்காரரின் ஆள். பன்னிரண்டு மணி நேர டூட்டி, ஒரு நீலச் சட்டை, ஒரு விசில்.

நடந்தது இதுதான். இரவு பதினோரு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஒரு நோயாளிக்கு இருவர்தான் துணை என்பது விதி. இவன் மற்றவர்களை வெளியே நிறுத்தினான். அரை மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டார். செய்தி வெளியே வந்ததும் முதல் அடி வாசலில் நின்றவனுக்குத்தான் விழுந்தது, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டால். பிறகு உள்ளே புகுந்து பயிற்சி டாக்டர் ஒருவரின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். டாக்டருக்குக் காயமில்லை. விடிவதற்குள் எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. அதில் நம் பையன் பெயரும் இருக்கிறது, சாட்சியாக.

"அக்கா, எமர்ஜென்சி சுவத்துல போர்டு மாட்டியிருக்காங்க. மருத்துவப் பணியாளரை அடிச்சா மூணு வருசம் ஜெயில்னு இந்தியில எழுதியிருக்கு. அதுல நானும் வருவேனா?"

வருவாய் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மொழிபெயர்ப்பில் பிழைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூலத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல வராது.

மூலம், தில்லி சட்டசபை 2008-ல் இயற்றிய சட்டம். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையையும் மருத்துவமனைச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதையும் தடுப்பது அதன் நோக்கம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடைத்த கருவிகளுக்கு அவற்றை வாங்கிய விலையைப்போல் இருமடங்கு ஈடு தரவேண்டும். ஜாமீனில் எளிதாக வெளிவர முடியாத குற்றம். இதுவரை சரி. யார் மருத்துவப் பணியாளர் என்ற விளக்கத்துக்கு வந்தால் பதிவுபெற்ற மருத்துவர்கள், பதிவுபெற்ற செவிலியர், மருத்துவ மாணவர்கள், செவிலிய மாணவர்கள், துணை மருத்துவப் பணியாளர்கள் என்று பட்டியல் போகிறது. பட்டப்படிப்பும் பதிவு எண்ணும் உள்ளவர்களின் பட்டியல். வாசலில் நிற்பவரை அதில் காணோம். ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர், ரத்தம் துடைக்கிற ஆயா, ஓ.பி. சீட்டு எழுதுகிறவர், ஆம்புலன்ஸ் டிரைவர் யாருக்கும் தனியாக ஒரு வரி கிடையாது.

தமிழில் 'மருத்துவமனைப் பணியாளர்' என்றால் அங்கே வேலை செய்கிற எல்லோரும்தான். இந்திப் பலகையைப் படிக்கிற பாமரரும் அப்படித்தான் புரிந்துகொள்வார். சுவரில் இருக்கும் சொல் எல்லோரையும் அணைக்கிறது. சட்டத்தில் இருக்கும் விளக்கம் பாதிப் பேரை வெளியே தள்ளுகிறது. கார்டின் உதடு கிழிந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி சாதாரணக் காயம். நீதிமன்றம் சொன்னாலொழியப் போலீஸ் விசாரிக்கவே வேண்டியதில்லாத குற்றம். அதே இரவில் அதே கை டாக்டரின் சட்டையைப் பிடித்தால் வேறு சட்டம்.

டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பட்டிருக்கும் பாடு கொஞ்சமல்ல. 2017 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் துலேயில் ஒரு பயிற்சி மருத்துவரின் கண் பார்வை பாதிக்கும் அளவுக்கு அடி விழுந்தபோது, தில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஹெல்மெட் அணிந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். 2024 ஜூலையில் கிழக்கு தில்லியின் ஜி.டி.பி. மருத்துவமனையில் ஒரு பெண் இறந்ததையடுத்துக் கும்பல் புகுந்து தாக்கியது. அடுத்த வாரத்துக்குள் அதே மருத்துவமனையின் வார்டில் ஒரு நோயாளி, வேறு யாரோ என்று நினைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டிலில் படுத்திருப்பவருக்கே பாதுகாப்பில்லாத இடத்தில் இரவு ஊசி போட வரும் சிஸ்டருக்கு என்ன பாதுகாப்பு?

அதே ஆண்டு ஆகஸ்ட் 9-ல் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் நடந்தது நாட்டையே உலுக்கியது. தொடர்ந்து 36 மணி நேர டூட்டியில் இருந்த பட்டமேற்படிப்பு மருத்துவர், ஓய்வெடுக்கக் கருத்தரங்க அறைக்குப் போனவர், அங்கேயே பாலியல் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்மானித்த ஆள் கொல்கத்தா போலீசின் தன்னார்வப் பணியாளர். மருத்துவமனைக்குள் தாராளமாக உலவ முடிந்தவர். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் ஒரு கும்பல் அதே மருத்துவமனையில் புகுந்து அடித்து நொறுக்கியது. இங்கே தில்லியில் பயிற்சி டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது சுகாதார அமைச்சகம் இருந்த நிர்மாண் பவனுக்கு எதிரே, தெருவிலேயே ஓ.பி. நடத்துவோம் என்று அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: நாடு முழுமைக்கும் ஒரே மத்தியச் சட்டம்.

இந்தக் கோரிக்கைக்கு வயது அதிகம். 2019 ஜூனில் கொல்கத்தாவின் என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர்கள் தாக்கப்பட்டபின், அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு மசோதாவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. கொடுங்காயம் விளைவித்தால் பத்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். உள்துறை அமைச்சகம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தொழிலுக்குத் தனிச் சட்டம் செய்தால் நாளை வக்கீல்களும் போலீசாரும் கேட்பார்கள் என்றது. மசோதா அலமாரிக்குப் போனது.

நான்கே மாதங்களில் வேறொன்று நடந்தது, நம் சென்னையில். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஊழியர்கள் ரத்தம் சொட்ட ஓடினார்கள். கடைசியில் சக மருத்துவர் ஒருவர் வெறும் கையாலும் மண்ணைத் தள்ளிப் புதைத்தார். மூன்று நாளில், ஏப்ரல் 22-ல், 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்துவிட்டது. மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. கொடுங்காயமென்றால் ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை. முப்பது நாளில் புலன் விசாரணை, ஓராண்டில் தீர்ப்பு. இயலாது என்று டிசம்பரில் சொன்ன அரசுக்கு ஏப்ரலில் இயன்றது. ஆனால் அது தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டுமான சட்டம். தொற்று அடங்கியதும் அதுவும் அடங்கிவிட்டது.

இழவு விழுந்த மூன்றாம் நாள் சட்டம் என்பது நம்மிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டமே இல்லாத இடத்தில்தான் இழவு விழுகிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமும் 2008-ஐச் சேர்ந்ததுதான். தில்லிச் சட்டத்தைவிடக் கடுமையானது. குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் பத்தாண்டு சிறை. அது வந்து நான்காம் ஆண்டில், 2012 ஜனவரியில், தூத்துக்குடியில் ஒரு பெண் மயக்க மருந்து நிபுணர் தம் கிளினிக்கிலேயே, இறந்துபோன நோயாளியின் கணவரால் வெட்டிக் கொல்லப்பட்டார். பதினாறாம் ஆண்டில், 2024 நவம்பர் 13-ல், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் பிழைத்தார். கேரளத்தில் 2012 முதல் சட்டம் இருந்தும், 2023 மே 10 விடியற்காலையில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸ் கொல்லப்பட்டார். கொன்றவரைக் காயத்துக்குக் கட்டுப்போட அழைத்து வந்ததே போலீஸ்தான். ஆயுதம், கட்டுப்போடும் அறையிலிருந்த கத்தரிக்கோல்.

கத்தரிக்கோலை ஓங்குகிற நேரத்தில் யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. ஏழாண்டைப் பத்தாண்டாக்கினால் அந்தக் கை இறங்கிவிடும் என்று நான் நம்பவில்லை. அந்த அறையில் கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கலாமா, நிலைகுலைந்திருந்த ஒருவரைக் கையாளத் தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தாரா, ஒரு பெண் 36 மணி நேரம் வேலை செய்துவிட்டுப் படுக்கத் தாழ்ப்பாளுள்ள ஓர் அறை இருந்ததா என்பவை குற்றவாளியிடம் கேட்கக்கூடிய கேள்விகள் ஆகா. மருத்துவமனையை நடத்துகிறவரிடம் கேட்கவேண்டியவை. நம் மாநிலச் சட்டங்களின் கனமெல்லாம் அடித்தவரின் தண்டனையில்தான் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது என்பதைச் சொல்லியாகவேண்டும். ஆர்.ஜி.கர் விவகாரத்தைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டு 2024 ஆகஸ்ட் 20-ல் பிறப்பித்த உத்தரவில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்ச் ஓய்வறை இல்லாததை, கழிப்பறை இல்லாததை, உள்ளே வருபவரைச் சோதிக்க ஏற்பாடு இல்லாததை வரிசையாகச் சொன்னது. தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்தது. படிக்கப் படிக்க மனதுக்கு இதமாக இருந்தது, விளக்கம் வரும் வரை. மருத்துவத் தொழிலர் என்றால் டாக்டர்கள், இன்டர்ன்ஷிப்பில் உள்ள மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், செவிலியர், செவிலியப் பயிற்சியாளர்கள் என்று அங்கேயும் அதே வேலி.

பணிக்குழு அந்த நவம்பரில் அறிக்கை தந்தது. 24 மாநிலங்களில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, சிறு குற்றங்களுக்கு அவை போதும், கொடுங்குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா போதும், தனி மத்தியச் சட்டம் வேண்டாம் என்றது. டாக்டர் சங்கங்களுக்குப் பெரும் ஏமாற்றம். எனக்குப் பாதிச் சம்மதம். இன்னொரு தண்டனைச் சட்டம் தேவையில்லை என்றால் சரிதான். எந்தச் சட்டமுமே தேவையில்லை என்றால் எப்படிச் சரி?

வேறு விதமான சட்டம் நமக்குத் தெரியாததல்ல. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிகளிலிருந்து பிறந்தது. அது குற்றவாளியைத் தேடுவதற்கு முன் முதலாளியைப் பார்க்கிறது. பாதுகாப்பான பணிச்சூழல் தருவது உன் கடமை, குழு அமைப்பது உன் கடமை, அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் வரை அபராதம் உனக்கு. ஊழியர் என்பதற்கு அது தரும் விளக்கம் இன்னும் அழகு. நிரந்தரமோ தற்காலிகமோ, தினக்கூலியோ, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரோ, எல்லோரும் ஊழியர்தான். பணியிடங்களின் பட்டியலில் மருத்துவமனை என்ற சொல்லே இருக்கிறது. அந்தச் சட்டமும் பல இடங்களில் பலகையோடு நின்றுவிட்டது என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. குழு எங்கே என்று ஒரு பெண் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். கார்டுகள் எத்தனை பேர், எங்கே கதவு, எங்கே அபாய மணி என்று ஒரு வார்டு ஆயா கேட்க எந்தச் சட்டத்தில் பிடி இருக்கிறது?

கலிஃபோர்னியாவில் செவிலியர் சங்கம் போராடி 2014-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி வகுத்த விதிகள் 2017-ல் அமலுக்கு வந்தன. ஒவ்வொரு மருத்துவமனையும் வன்முறைத் தடுப்புத் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்கவேண்டும். அதை ஊழியர்களோடு சேர்ந்து தயாரிக்கவேண்டும். நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும், காயமில்லாவிட்டாலும், பதிவேட்டில் எழுதவேண்டும். பிரிட்டன் 2018-ல் இயற்றிய சட்டம் நம்முடையதைப் போலத் தண்டனைச் சட்டம்தான். ஆனால் அரசு மருத்துவ சேவையிலோ அதற்குத் துணையான வேலையிலோ இருந்து, மக்களை நேருக்கு நேர் சந்திக்கிற எவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. படிப்பைக் கேட்கவில்லை, நிற்கிற இடத்தைக் கேட்கிறது. இவ்வளவு தூரம் போவானேன்? வந்தனா தாஸ் இறந்தபின் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியபோது செக்யூரிட்டி கார்டு, ஆம்புலன்ஸ் டிரைவர், உதவியாளர், அலுவலகப் பணியாளர் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தது. புலன் விசாரணை அறுபது நாளில் முடியவேண்டும் என்றது. தில்லிக்கு அது ஏன் முடியாது?

முடியாததற்குத் தில்லியின் ஜாதகமும் ஒரு காரணம். சஃப்தர்ஜங் மத்திய அரசுடையது. லோக் நாயக், ஜி.டி.பி. தில்லி அரசுடையவை, இந்து ராவ் மாநகராட்சியுடையது, எய்ம்ஸ் தன்னாட்சி பெற்றது. சட்டம் தில்லி சட்டசபையுடையது, அதை அமல்படுத்தும் போலீஸ் மத்திய உள்துறையுடையது. கார்டு மட்டும் யாருடையவனும் இல்லை. 2024 ஆகஸ்ட் 16-ல் மத்திய சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டது: பணியிலிருக்கும் ஊழியர் தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனமே எஃப்.ஐ.ஆருக்கு ஏற்பாடு செய்யவேண்டும், பொறுப்பு நிறுவனத் தலைவருடையது. தண்டனையை நீட்டாமல் பொறுப்பை ஒருவர் தலையில் வைத்த உத்தரவு. எனக்குப் பிடித்தது. ஆனால் உத்தரவு வேறு, சட்டம் வேறு. மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு வெளியே அது எவ்வளவு தூரம் செல்லும்?

இனி அடித்தவர்கள் பக்கம். ஹெல்மெட் வீசிய கையை நான் நியாயப்படுத்த வரவில்லை. அந்தக் கையை எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரை நள்ளிரவில் இந்நகரின் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஸ்டிரெச்சருக்கு ஒன்றரை மணி நேரம். என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளில்லை. எதிரே வந்த சிஸ்டரிடம் நான் கத்தினேன், பிறகு நினைத்து வெட்கப்படும் சொற்களில். நாற்பது கட்டிலுக்கு அன்றிரவு அவர் ஒருவர்தான். ஸ்டிரெச்சர் வாங்காததற்கு அவர் காரணமில்லை. ஆனால் வாங்காதவர் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கையெட்டும் தூரத்தில் இருந்தவர் சிஸ்டர்.

அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைக் குடும்பத்துக்குப் புகார் சொல்ல வாசல்களும் குறைவு. காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதற்குள் வராது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம்தான். இறந்தவரின் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கவே தெரியாதவர்கள் என்ன எழுதுவார்கள்? மரணத்தை எடுத்துச் சொல்ல ஒரு தனி அறையும் பத்து நிமிடமும் பக்குவமான ஓர் ஆளும் இருந்தால் பாதி ரகளை நடக்காது என்று பல ஆண்டு அனுபவமுள்ள ஒரு செவிலியர் என்னிடம் சொன்னார். அந்த அறையையும் ஆளையும் கட்டாயமாக்குவதுகூட ஊழியரைக் காக்கும் சட்டம்தான்.

தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகும் சுகாதார ஊழியர்கள் 8 முதல் 38 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த எண்ணிக்கையும் எழுதி வைத்தவற்றிலிருந்துதான் வரும். நம் பையனின் மூன்று தையல் எதிலும் ஏறவில்லை. போலீஸ் கணக்கில் அவன் சாட்சி, மருத்துவமனைக் கணக்கில் வெளியாள். ஒப்பந்தக்காரர் கணக்கில் மட்டும் ஏறியிருக்கிறது: தையல் போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரவில்லை என்று இரண்டு நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்.

காபி முடிந்ததும் அவன் ஒரு நோட்டுத் தாளை எடுத்தான். "இந்தியில ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கக்கா." எழுதினோம். தேதி, நேரம், யார் அடித்தது, எதனால் அடித்தது, எத்தனை தையல். அவன் அம்மா பாத்திரம் தேய்த்தபடியே, "கம்பெனிக்காரன் பேரைப் போடாதீங்கம்மா, வேலை போயிடும்" என்றாள். போடவில்லை. யாருக்கு என்று மேலே எழுதும் இடத்தில் சற்று நேரம் தடுமாறி, கடைசியில் மருத்துவக் கண்காணிப்பாளர், காவல் நிலைய ஆய்வாளர் இருவருக்குமாக இரண்டு பிரதி எடுத்தோம். திங்கட்கிழமை டூட்டிக்குப் போகும் வழியில் இரண்டையும் கொடுத்திருக்கிறான். காவல் நிலையத்தில் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். மருத்துவமனை அலுவலகத்தில், நீ எங்கள் ஆள் இல்லையே என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எமர்ஜென்சி வாசலில் போய் நின்றிருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு இரவு டூட்டி.